அணு உலைக்குள் ஒரு தூண்டில்

சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான்: "தாத்தா, ரிமோட் இருந்தால் மனுஷங்க பக்கத்திலேயே போக வேண்டாமா?" நல்ல கேள்வி. ஜப்பானில் நடந்ததை அவனுக்குச் சொன்னேன், இங்கும் எழுதுகிறேன்.

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் சுனாமியும் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தைத் தாக்கின. குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகி, உலோகத்தோடும் கான்கிரீட்டோடும் கலந்து இறுகிவிட்டது. சுமார் 880 டன் இருக்கும் என்பது மதிப்பீடு. நிலையத்தைப் பிரித்து அகற்ற வேண்டுமானால் இந்தக் கசடை வெளியே எடுத்தாக வேண்டும். மனிதர் நெருங்க முடியாது.

இயந்திரத்துக்கும் அங்கே ஆயுசு குறைவு. கதிர்வீச்சு மின்னணுச் சில்லுகளைக் கெடுக்கும், கேமராக் கண்ணாடியை மங்கச் செய்யும். 2017-இல் 2-ஆம் உலைக்குள் போன ஒரு ரோபோ பாதி வழியில் சிக்கியது, அங்கேயே விட்டுவிட்டார்கள்.

ஆகவே 2024-இல் அதே உலைக்குள் அனுப்பியது எளிமையான கருவி. மடக்குக் குடையின் கம்பிபோல ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் குழாய்கள். நீட்டினால் 22 மீட்டர் வரும். நுனியிலிருந்து கேபிளில் தொங்கும் சிறு இடுக்கி. தூண்டில்தான், வேறென்ன!

ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஆரம்பத்திலேயே வேலை நின்றது. கருவியைப் பின்னாலிருந்து தள்ளும் ஐந்து குழாய்கள் வரிசை மாறியிருந்தன. அவற்றை அங்கே கொண்டுபோய் வைத்தவர்கள் மனிதர்கள்: முகமூடி, கனத்த உடை, கதிர்வீச்சுள்ள இடத்தில் நிற்கும் அவசரம். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. ரயில் பெட்டிகளுக்கிடையே பிரேக் குழாயும் காற்று ஊட்டும் குழாயும் மாறிவிடக் கூடாதென்று தனித்தனி வண்ணம் அடிப்பதும் இதனால்தான். அவசரத்தில் கை தவறும். கண்ணாவது காட்டிக் கொடுக்கட்டும் என்று.

செப்டம்பர் 10-இல் மறுபடி தொடங்கினார்கள். 17-ஆம் தேதி நுனிக் கேமராவின் படம் வரவில்லை. அதை மாற்றவும் ஆட்கள்தான் போக வேண்டியிருந்தது. இதுதான் தம்பி, உன் கேள்விக்குப் பதில். இடுக்கியை அசைப்பவர் தூரத்து அறையில் இருக்கலாம். குழாய் கோப்பவரும் கேமரா மாற்றுபவரும் கருவியின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

அக்டோபர் 30 அன்று இடுக்கி ஒரு துணுக்கைப் பிடித்தது. நவம்பர் 7-இல் அது பத்திரமாகப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. எடை சுமார் 0.7 கிராம். 2025 ஏப்ரலில் இரண்டாம் முறை எடுத்தது 0.2 கிராம்.

880 டன்னில் இது எம்மாத்திரம் என்று சிரிக்காதீர்கள். இது எதனால் ஆனது, எவ்வளவு கெட்டி என்று தெரிந்தால்தான் மீதியை எந்தக் கருவியால் வெட்டலாம் என்று தீர்மானிக்க முடியும்.