வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் அப்டேட் போடும் முன்...

ராஜபாளையம் நூற்பாலை, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்கூடம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடை என எங்கும் பில்லும் கணக்கும் கம்ப்யூட்டரில்தான். அவற்றுக்கு அப்டேட் போட்டுத் தரும் சர்வீஸ் நண்பர்களுக்கு:

• நாள் பாருங்கள்: மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1க்கு 11, 3பி-க்கு 20 கடைசித் தேதி. அதை ஒட்டிய நாட்களிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்ட நேரத்திலும் கை வைக்க வேண்டாம்.

• பேக்கப்பைச் சோதியுங்கள்: எடுத்தால் மட்டும் போதாது. வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் எண் வருகிறதா என்று பாருங்கள்.

• டேலியில் கவனம்: புதிய பதிப்புக்கு மாற்றிய டேட்டா பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம். ஒரே டேட்டாவைப் பயன்படுத்தும் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவாருங்கள்.

• முதலில் ஒன்று: 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, ஓரிரு நாள் பார்த்த பிறகே மற்றவற்றில் போடுங்கள்.

• மின்சாரம்: யு.பி.எஸ். பேட்டரி தாங்குமா எனப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

• எனிடெஸ்க்கில் செய்தால்: உரிமையாளர் திரை முன் இருக்கட்டும். ஓ.டி.பி., வங்கி பாஸ்வேர்டு கேட்காதீர்கள். முடிந்ததும் இணைப்பைத் துண்டியுங்கள்.

• விண்டோஸ் 10: பொதுவான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இதை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

• கிளம்பும் முன்: ஒரு பில் போட்டு, பிரின்ட் எடுத்து, கையிருப்புத் தொகை பழையபடி இருக்கிறதா என உரிமையாளரையே சரிபார்க்கச் சொல்லுங்கள்.