மருத்துவச் சீட்டின் ஆங்கிலம்: பொருளும் எடுத்துக்காட்டும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியின் கையில் மருந்துப் பையோடு ஒரு கோப்பும் இருக்கிறது. மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய அனைத்தும் அதனுள் உள்ளன; ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தில். கல்லங்குறிச்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அந்தக் கோப்பை வாசிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டில் படிக்கும் பிள்ளையைச் சேர்கிறது. பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்துவிடும். ஆனால் பாடநூலில் அச்சொல்லுக்கு உள்ள பொருள் ஒன்றாகவும், மருத்துவத்தில் உள்ள பொருள் வேறொன்றாகவும் இருப்பதுண்டு.

முற்றிலும் தெரியாத சொல்லால் பெருந்தீங்கு நேர்வது குறைவு. தெரியவில்லை என்பதனாலேயே செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுவிடுகிறோம். தெரியும் என்று எண்ணிக்கொண்ட சொல்லை யாரிடமும் கேட்பதில்லை. ஆகவே இப்பாடத்தில் அரிய சொற்களை விட்டுவிட்டு, நமக்கு அறிமுகமானவை போலத் தோன்றும் சொற்களையே எடுத்துக்கொள்வோம்.

கற்கும் முறை எளியது. ஒரு சிறு குறிப்பேட்டில் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். அதன் கீழே ஒரு வரியில் பொருளை எழுதுங்கள். அதற்கும் கீழே, உங்கள் வீட்டு நோயாளியைப் பற்றிய ஒரு வாக்கியத்தில் அச்சொல்லை வைத்து எழுதுங்கள். இம்மூன்றாவது வரியே முதன்மையானது. பொருளை மனப்பாடம் செய்தவர் மறந்துவிடுவார். தம் தாயைப் பற்றிய வாக்கியத்தில் அதே சொல்லை எழுதியவர் எளிதில் மறப்பதில்லை.

முதற்சொல் ‘பாசிட்டிவ்’. பேச்சுவழக்கில் இது நல்லதைக் குறிக்கும். பரிசோதனை அறிக்கையில் இதன் பொருள் ‘தேடியது கிடைத்தது’ என்பது மட்டுமே. ‘அப்பாவின் சளிப் பரிசோதனை பாசிட்டிவ்’ என்றால், அவர் சளியில் காசநோய்க் கிருமி காணப்பட்டது, சிகிச்சையை உடனே தொடங்கவேண்டும் என்று பொருள். ‘நெகட்டிவ்’ என்றால் அந்தப் பரிசோதனையில் தேடியது கிடைக்கவில்லை. நோயே இல்லை என்று அதனால் எப்போதும் உறுதியாகிவிடாது. அறிகுறிகள் தொடர்ந்தால் மருத்துவர் மீண்டும் பரிசோதிக்கச் சொல்வார். இரத்த வகையில் வரும் பாசிட்டிவும் நெகட்டிவும் வேறு. அவை சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு புரதம் உள்ளதா இல்லையா என்பதைக் குறிப்பவை. அவற்றில் நல்லது கெட்டது கிடையாது.

அடுத்து ‘அக்யூட்’, ‘க்ரானிக்’ என்னும் இணை. க்ரானிக் என்றால் முற்றிய நோய் என்று கருதி அழுதுகொண்டே அறைக்குள் வருவோரை நான் அடிக்கடி காண்கிறேன். இரண்டு சொற்களும் முதலில் காலத்தைக் குறிப்பவை. திடீரெனத் தோன்றியது அக்யூட். நீண்டநாள் தொடர்வது க்ரானிக். ‘அம்மாவுக்குக் க்ரானிக் கிட்னி டிசீஸ் உள்ளது’ என்றால், சிறுநீரகக் குறைபாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கிறது என்பதே பொருள். அதன் அளவை ஸ்டேஜ் எண் சொல்லும். அந்நோய் ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் இரு நிலைகளில் உள்ளவர் டயாலிசிஸை எண்ணி உறக்கம் இழக்கவேண்டியதில்லை, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால் போதும். மறுபுறம், அக்யூட் என்னும் சொல் நெஞ்சுவலியோடு சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

ஸ்கேன் அறிக்கைகளில் சில சொற்கள் வீணாக அச்சுறுத்துகின்றன. ‘அன்ரிமார்க்கபிள்’ என்பது குறிப்பிடத்தக்க குறை எதுவும் தென்படவில்லை என்னும் நற்செய்தி. ‘ரூல் அவுட்’ என்பது மருத்துவர் ஸ்கேன் எடுக்க அனுப்பும் சீட்டில் இருக்கும். ‘இந்நோய் இல்லை என்பதை உறுதிசெய்து கூறுக’ என்பது அதன் பொருள். ‘ரூல் அவுட் டியூமர்’ என்று எழுதியிருந்தால் கட்டி இருக்கிறது என்று முடிவாகிவிட்டதாகக் கொள்ளவேண்டாம். ஐயம் தீர்க்கவே பரிசோதனை. ‘இம்ப்ரெஷன்’ என்னும் தலைப்பின் கீழ் உள்ளது அறிக்கையின் முடிவுரை. அவசரத்தில் இருப்பவர் அப்பகுதியை மட்டும் மருத்துவரிடம் காட்டிக் கேட்கலாம்.

வேறு சில சொற்கள் வீணாக ஆறுதல் தருகின்றன. ‘ப்ரோக்ரெசிவ்’ என்றால் முன்னேற்றம் என்று பள்ளியில் படித்தோம். மருத்துவத்தில் முன்னேறுவது நோய். ‘ஸ்டேபிள்’ என்பதும் அவ்வாறே. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்பவரிடம் ‘ஸ்டேபிளாக இருக்கிறார்’ என்று சொன்னால், நிலைமை கடந்த சில மணி நேரமாக மாறவில்லை என்று பொருள். குணமாகிவிட்டார் என்று பொருளன்று. அந்த ஒரு சொல்லை நம்பி உறவினர்களை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு வருந்திய குடும்பங்கள் உண்டு. ஸ்டேபிள் என்று கேட்டவுடன், ‘ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டாரா, ஐயா?’ என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

இனி, ஓர் எழுத்து மாறினால் பொருள் தலைகீழாகும் சொற்கள். நம் கல்லங்குறிச்சியைச் சொன்னால் வெளியூர்க்காரர் பலர் கள்ளக்குறிச்சியா என்று கேட்பார்கள். ஒன்று கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் அறியப்படும் அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர். மற்றொன்று 2019இல் தனி மாவட்டமான வேறு ஊர். காதில் ஒன்றுபோல் விழுந்தாலும் தவறான பேருந்தில் ஏறியவருக்கே வேறுபாடு விளங்கும். ‘ஹைப்போ’, ‘ஹைப்பர்’ என்னும் முன்னொட்டுகளும் அத்தகையவை. கிரேக்க மொழியிலிருந்து வந்த இவற்றுள் ஹைப்போ என்றால் கீழே, குறைவு. ஹைப்பர் என்றால் மேலே, மிகுதி.

‘ஹைப்போகிளைசீமியா’ என்பது இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவது. வியர்வை, நடுக்கம், கடும்பசி, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை இதன் அடையாளங்கள். ‘ஹைப்பர்கிளைசீமியா’ என்பது சர்க்கரை மிகுவது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, சர்க்கரை தாழ்ந்து தடுமாறும் ஒருவருக்கு இன்சுலின் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. குறிப்பேட்டில் இவ்வாறு எழுதுங்கள்: ‘அப்பாவுக்கு ஹைப்போ வந்தால், நினைவோடு இருக்கையில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பேன், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழைப்பேன்.’ இன்சுலின் போடும் வீட்டில் இவ்வாக்கியம் சுவரில் ஒட்டப்படத் தகுந்தது.

‘ஸ்ட்ரோக்’ என்பதை மாரடைப்பு என்று கருதுவோர் பலர். ஸ்ட்ரோக் மூளையில் நேர்வது. இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வரும் பக்கவாதம். நெஞ்சு வலிக்கவில்லையே என்று வீட்டிலேயே காத்திருந்தால் காலம் கடந்துவிடும். குழாய் அடைப்பினால் வந்த பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும். ‘பெரியப்பாவுக்கு வாய் கோணிக் கை விழுந்துவிட்டது, இது ஸ்ட்ரோக், மணி என்ன என்று குறித்துக்கொள்’ என்பது நல்ல எடுத்துக்காட்டு வாக்கியம்.

மருந்துச் சீட்டின் சுருக்கெழுத்துகள் உண்மையில் ஆங்கிலமே அல்ல, பெரும்பாலும் இலத்தீன். ‘ஓ.டி.’ என்றால் நாளைக்கு ஒருமுறை, ‘பி.டி.’ என்றால் இருமுறை, ‘டி.டி.எஸ்.’ என்றால் மும்முறை, ‘எச்.எஸ்.’ என்றால் உறங்கும் வேளை. (கண் மருத்துவரின் சீட்டில் ஓ.டி. என்பது வலக்கண்ணைக் குறிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.) ‘எஸ்.ஓ.எஸ்.’ என்பதைக் கண்டு அவசர ஆபத்து என்று நடுங்கவேண்டாம். தேவைப்பட்டால் மட்டும் என்பது பொருள். காய்ச்சல் மாத்திரைக்கு எதிரே அது இருந்தால், காய்ச்சல் இல்லாத நாளில் விழுங்கவேண்டியதில்லை. ‘1-0-1’ என்பது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று.

இவ்வரிசையில் நான் மிகவும் அஞ்சும் சொல் ‘வீக்லி’. வாரம் ஒருமுறை என்பது அதன் பொருள். நம் பேச்சில் ‘உடம்பு வீக்’ என்பது பலவீனத்தைக் குறிப்பதால், வீக்லி என்று எழுதிய மாத்திரையைச் சத்து மாத்திரை என்று எண்ணி நாள்தோறும் உண்ணும் வாய்ப்பு உண்டு. முடக்குவாதத்துக்கு வழங்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரே நாளில்தான் உட்கொள்ளவேண்டும். தினமும் உட்கொண்டால் வாய்ப்புண் வரும், எலும்பு மஜ்ஜை செயலிழக்கும், இரத்த அணுக்கள் குறையும், உயிரும் போகலாம். உலகெங்கும் அறியப்பட்ட பிழை இது. ஆதலால் வாக்கியத்தைக் கிழமையோடு எழுதுங்கள்: ‘அம்மா மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கொள்வார்.’

இதுவரை மருத்துவர் எழுதியதை நீங்கள் வாசிப்பதைப் பற்றிக் கூறினேன். நீங்கள் சொல்வதை மருத்துவர் கேட்பதிலும் இதே இடர் உண்டு. 1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், நினைவிழந்த ஓர் இளைஞரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த குடும்பத்தினர் ஸ்பானிய மொழியில் ‘இன்டாக்ஸிகாடோ’ என்றனர். உண்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் கருத்து. ஆங்கிலச் சொல்லோடு ஒத்திருந்தமையால் போதைப்பொருள் மிகுதி என்று மருத்துவர்கள் புரிந்துகொண்டு அதற்கே சிகிச்சை அளித்தனர். மூளையில் இரத்தக் கசிவு இருந்தது பின்னரே தெரிந்தது. அதற்குள் அவருடைய கைகால்கள் செயலிழந்துவிட்டன.

நம்மிடமும் அத்தகைய சொற்கள் உள்ளன. ‘மயக்கம்’ என்று ஒருவர் கூறினால் அது தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவு தப்பி விழுந்ததாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ‘கேஸ் டிரபிள்’ என்பது இன்னும் கொடியது. நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடத்தோளில் வலி, குளிர்ந்த வியர்வை ஆகிய மூன்றையும் ‘கேஸ்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்து, சோடா குடித்துவிட்டு மறுநாள் வருவோர் உள்ளனர். நோய்க்கு நீங்கள் பெயர் சூட்டவேண்டாம். எங்கே, எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம், நடந்தால் கூடுகிறதா என்பவற்றைத் தமிழிலேயே சொல்லுங்கள். அரைகுறை ஆங்கிலத்தைவிட நல்ல தமிழ் எங்களுக்கு மிகுதியாக உதவும்.

இவ்வளவு சுமையும் நோயாளியின் தலையிலேயே விழுவது முறையா என்று நீங்கள் கேட்கலாம். முறையன்று. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை சிகிச்சை நூல்களைத் தமிழாக்கினார். முதலில் தமிழ்ச் சொல்லைத் தேடுவது, இல்லையேல் வடசொல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வடிவில் தருவது என்பது அவர் கொண்ட முறை. வேதியியல் நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘கெமிஸ்தம்’. வேற்று நாட்டிலிருந்து வந்தவரே அவ்வளவு செய்திருக்கையில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாங்கள் இரண்டு வரி விளக்கம் தர நேரமில்லை என்பது ஏற்கத்தக்கதன்று. மருந்துகளின் பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என இந்திய மருத்துவக் கழகம் 2016இல் விதித்தது. சீட்டில் எழுத்து விளங்கவில்லையெனில் மீண்டும் எழுதித் தரக் கேட்பது உங்கள் உரிமை, அதற்குக் கூசவேண்டாம்.

அறையை விட்டு எழுமுன் ஒன்றைச் செய்யுங்கள். ‘எல்லாம் புரிந்ததா?’ என்று கேட்டால் நம்மவர் யாவரும் தலையசைத்துவிடுவர். அதற்கு மாறாக, ‘ஐயா, நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்’ என்று தொடங்கி, எந்த மாத்திரை, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று திருப்பிச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதவேண்டிய சொல்லைக் கடைசியில் தருகிறேன்: ‘ரிவ்யூ’. பொருள்: குறித்த நாளில் மீண்டும் வந்து காட்டவேண்டும், மருந்து தீர்ந்தாலும், நலமாகத் தோன்றினாலும். எடுத்துக்காட்டு: ‘அண்ணிக்கு இரண்டு வாரம் கழித்து ரிவ்யூ, பழைய அறிக்கைகளும் மிஞ்சிய மாத்திரைப் பட்டைகளும் இக்குறிப்பேடும் கையில் இருக்கவேண்டும்.’