இழுப்பதைச் செய்யுங்கள், சுழல்வதை வாங்குங்கள்

கேள்வி: மினி டிராக்டருக்குப் புல்வெட்டும் கருவியை நாமே பட்டறையில் செய்துகொள்ளலாமா?
– வாசகர், லாசுப்பேட்டை, புதுச்சேரி

பதில்: வெட்டும் கருவி வேண்டாம், இறுகிய புல்தரையைத் துளைக்கும் முள்ளுருளை செய்யலாம். வெட்டும் கருவிக்கு விசை தரும் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும்; கியர்பெட்டி அதை மேலும் கூட்டித்தான் கத்திக்குத் தரும். கெட்டியாக வெல்டிங் வைத்தால் ஆகாதா என்பீர்கள். கத்தியின் எடை இருபுறமும் ஒத்திராவிட்டால் அதிர்வே வெல்டிங்கைப் பிளந்துவிடும்; தெறிக்கும் கல்லைத் தடுக்க மூடியும் தேவை. முள்ளுருளையோ டிராக்டர் இழுக்கும் வேகத்தில்தான் உருளும். கெட்டிக் குழாயில் முட்களைப் பற்றவைத்து, மேல்சட்டத்தில் தண்ணீர் கேன்களை இறுகக் கட்டுங்கள். 100 லிட்டருக்கு 100 கிலோ எடை கிடைக்கும். அந்த எடையே மண்ணை இறுக்காதா? சேற்றில் ஓட்டினால் இறுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மண் காலில் ஒட்டாத பக்குவத்தில் ஓட்டுங்கள்.