பனிக்காலப் பூங்கொடிக்கு ஆடியிலேயே வேலை

மல்லிகை ஓய்ந்து நிற்கும் மார்கழியில்தான் அவரைப் பந்தல் பூத்துக் குலுங்குகிறது. குளிர் வந்ததால் பூத்தது என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் கொடி கவனிப்பது குளிரைவிட இரவின் நீளத்தைத்தான். பகல் பொழுதுக்கும் பூப்புக்கும் உள்ள இந்தத் தொடர்பை அமெரிக்க ஆய்வாளர்களான கார்னர், அல்லார்ட் இருவரும் 1920-இல் எழுதி வெளியிட்டார்கள். சென்னையில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 1½ மணி நேரம்தான். அவரைக்கு அதுவே போதும். இரவெல்லாம் தெருவிளக்கு விழும் பக்கத்தில் கொடி பூக்கத் தாமதிப்பதும், இருட்டான பக்கத்தில் முந்திக்கொள்வதும் இதனால்தான். குளிர் இரண்டு பக்கமும் ஒன்றுதானே! ஆக, பூக்கும் காலம் நம் கையில் இல்லை. அதற்குள் கொடியை ஆளாக்கி வைப்பது மட்டுமே நம் வேலை.

முதல் படி, தேர்வு. சமவெளித் தோட்டத்துக்கு நான்கு கொடிகளைச் சொல்லலாம்: ஊதாப் பூவும் வெள்ளைப் பூவும் தரும் பந்தல் அவரை, வெளிர்நீலப் பூ விடும் சிறகவரை, காலையில் விரிந்து வெயில் ஏறச் சுருங்கும் மார்னிங் குளோரி, மதில்மேல் ஏற்றக் காகிதப்பூ. ஏற்காடு, கொடைக்கானல் போலக் குளிர் நன்றாக விழும் ஊர்க்காரர்கள் ஆரஞ்சு நிறக் குழல்பூக்களைக் கொத்துக்கொத்தாகத் தொங்கவிடும் பைரோஸ்டீஜியாவையும் வைக்கலாம். கடையில் அவரை விதை வாங்கும்போது கொடி அவரையா, செடி அவரையா என்று கேட்டு வாங்குங்கள். செடி அவரை பந்தல் ஏறாது.

அடுத்தது, இடமும் விதைப்பும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். விளக்குக் கம்பத்தடி வேண்டாம். ஒன்றரை அடி ஆழ, அகலத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, ஆடியில் மூன்று விதை ஊன்றுங்கள். முளைத்தபின் திடமான ஒன்றை விட்டு மற்றதைக் களைந்துவிடலாம். ஆடிப்பட்டத்தின் நியாயம் இங்கேதான் விளங்கும். மாசியில் ஊன்றினால் நீளும் பகலில் கோடை முழுக்க இலையாகவே படரும். ஐப்பசியில் ஊன்றினால் பந்தலைத் தொடும் முன்பே பூவெடுத்துவிடும், பூவும் சொற்பமாக இருக்கும். சணல் கயிற்றில் ஏற்றிய கொடி ஆறடிப் பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் வெடிக்கும். கிளை பெருகினால்தான் பூங்கொத்தும் பெருகும். ஐப்பசி மழை வரும் முன் தூரைச் சுற்றி மண் அணைத்துத் தண்ணீர் வடிய வழி செய்துவிட வேண்டும். தேங்கிய நீரில் வேர் அழுகும்.

புரட்டாசிக்குப் பிறகு கத்தரிக்கோலை எடுக்கவே கூடாது. அப்போது வெட்டுவது பூக்கப்போகும் கிளையைத்தான். காகிதப்பூவையும் ஆவணிக்குள் வெட்டி முடித்தால், மழையில் விடும் புதுக் கிளைகள் தையில் நிறம் காட்டும். மழை ஓய்ந்ததும் அதற்குத் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாக வாடிய பிறகு ஊற்றினால் போதும். யூரியா எதற்கும் வேண்டாம், இலைதான் மண்டும். அவரை தன் வேர் முடிச்சுகளிலேயே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். பனிக்காலத்தில் பூங்கொத்து நுனியில் அசுவினி கறுப்பாக அப்பும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். காய் பறிக்கும்போது பூக்காம்பை ஒடித்துவிடாதீர்கள். அதன் கணுக்களில் மறுபடி பூ வரும்.

ஆண்டு முழுக்கக் காய்க்கும் ரகங்கள் வந்துவிட்ட பிறகு தைக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். காய் மட்டும் போதுமென்றால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரையே சரி. ஆனால் நிழல் தரும் பந்தலும் ஒரே வீச்சில் வரும் பூவும் வேண்டுமானால், மாதக்கணக்கில் இலையும் கிளையும் சேர்த்த கொடியால்தான் முடியும். காய்கறிக் கொடியில் என்ன அழகு என்பது இன்னொரு கேள்வி. இலைக்கு மேலே ஒரு முழம் நிமிர்ந்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு கணுவாக மலரும் ஊதாக் கொத்தை ஒருமுறை பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும். சமவெளியில் குளிரே கிடையாது, பிறகு என்ன பனிக்காலப் பூ என்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது: இந்தக் கொடிகளுக்கு வேண்டியது நீண்ட இரவு, அது எல்லா ஊருக்கும் வருகிறது. இந்த ஆண்டு ஆடி கடந்துவிட்டதென்றால் அவரையை அவசரமாக ஊன்ற வேண்டாம். காகிதப்பூப் பதியன் ஒன்றை வைத்துவிட்டு, அடுத்த பட்டத்துக்கு இப்போதே பந்தல்கால் ஊன்றுங்கள்.