பழைய ஜீப்பும் பரிசோதனைச் சான்றிதழும்

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களுக்கு வயல் ஓரிடத்திலும் குடியிருப்பு வேறோரிடத்திலும் இருப்பது வழமை. விதைநெல், பசளை, நீர் இறைக்கும் இயந்திரம், அறுவடை மூடைகள் எல்லாவற்றையும் ஏற்றியிறக்க வேண்டும். இரவில் ஒரு கர்ப்பிணித் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் வேண்டும். ஆகவே பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து, சேமிப்பைத் திரட்டி, பழைய லாண்ட் றோவர் ஜீப் ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பதுண்டு. விற்பவர் கடதாசிகளைக் காட்டி, “எல்லாம் பாஸ் பண்ணின வாகனம்” என்கிறார். அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்தப் பாடத்தில் அதையே ஆராய்வோம்.

1. சான்றிதழ் எதைச் சொல்கிறது?

இலங்கையில் வாகனப் புகைப் பரிசோதனை 2008ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கு இச்சான்றிதழ் தேவைப்படுகிறது. டீசல் வாகனமாயின் புகையின் அடர்த்தியையும், பெற்றோல் வாகனமாயின் புகையிலுள்ள நச்சு வாயுக்களின் அளவையும் அங்கே அளக்கிறார்கள். காற்று மாசடைவதைக் குறைக்க இது நல்லதொரு ஏற்பாடு. ஆனால் பிறேக் பிடிக்குமா, ஸ்ரியறிங் உறுதியா, அடிச்சட்டம் உக்கிவிட்டதா என்பதை இப்பரிசோதனை சொல்லாது. பிறேக் பலவீனமான ஜீப்பும் இதில் சித்தியடையலாம்.

எனவே ஒரு சான்றிதழைக் கையில் எடுத்தால் நாம் முதலில் கேட்கவேண்டியது, “எதைப் பார்த்து இதைத் தந்தார்கள்?” என்பதே.

2. பிரித்தானியாவின் அனுபவம்

லாண்ட் றோவர் பிறந்த நாடாகிய பிரித்தானியாவில் 1960ஆம் ஆண்டு முதல் வாகனப் பாதுகாப்புப் பரிசோதனை உண்டு. அதை எம்.ஓ.ரி. என்று அழைப்பார்கள். தொடக்கத்தில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட வாகனங்களின் பிறேக், ஸ்ரியறிங், வெளிச்சம் ஆகியவற்றை மட்டும் பார்த்தார்கள். பின்னர் மூன்று வருடமான வாகனங்களும் சேர்க்கப்பட்டன. இன்று ரயர், ஸ்பிறிங், அடிச்சட்டத்தின் கறள் முதலியனவும் பார்க்கப்படுகின்றன.

இவ்வளவு விரிவான பரிசோதனைக்கும் எல்லைகள் உண்டு. பரிசோதகர் எந்தப் பாகத்தையும் கழற்றிப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்கிறார். சந்தேகமான இடத்தை மெல்லத் தட்டிப் பார்க்கிறார். என்ஜின், கியர்பெட்டி, கிளச் ஆகியவற்றின் ஆயுளை அவர் ஆராய்வதில்லை. சான்றிதழ் ஒரு வருடத்துக்குச் செல்லுமென்றாலும், பரிசோதித்த நாளின் நிலையையே அது காட்டுகிறது. மறுநாள் பிறேக் குழாய் வெடித்தால் அதற்குச் சான்றிதழ் பொறுப்பல்ல.

3. லாண்ட் றோவரில் மறைந்திருக்கும் கறள்

லாண்ட் றோவர் 1948ஆம் ஆண்டில் அறிமுகமானது. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு இருந்தபடியால் அதன் வெளி உடலுக்கு அலுமினியக் கலப்புலோகத் தகட்டைப் பயன்படுத்தினார்கள். அலுமினியத் தகடு இரும்பைப்போல் கறள் பிடிப்பதில்லை. ஆனால் பாரம் முழுவதையும் தாங்கும் அடிச்சட்டம், அதாவது கராஜ்காரர் செசி என்று சொல்வது, உருக்கினால் ஆனது. அது உள்ளே வெறுமையான பெட்டிபோல் அமைந்தது. சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்து தங்குவதால் உள்ளிருந்து வெளியே உக்கிக்கொண்டு வருகிறது. மேலே தகடு பளபளவென்றிருக்க, கீழே சட்டம் கடதாசிபோல் மெலிந்திருக்கலாம்.

வயற்சேற்றிலும் கடற்கரையோர உப்புக் காற்றிலும் நின்ற ஜீப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சட்டத்துக்குப் புதிதாகத் தார்ப்பூச்சு அடித்திருந்தால் அது பராமரிப்பாகவும் இருக்கலாம், ஓட்டையை மறைப்பதாகவும் இருக்கலாம். பின் குறுக்குச்சட்டம், ஸ்பிறிங் பூட்டிய இடங்கள், சட்டத்திலிருந்து உடலைத் தாங்க நீளும் கைகள் ஆகியவற்றைச் சிறிய சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல உருக்கு கணீரென்று ஒலிக்கும். உக்கியது மந்தமாக ஒலிக்கும் அல்லது உள்ளே அமுங்கும். உக்கிய தகட்டின்மேல் துண்டு வைத்து வெல்டிங் செய்வது பயனற்றது. உக்கியதை வெட்டி நீக்கி, நல்ல உருக்கில் ஒட்டவேண்டும்.

4. பிறேக்கைப் பற்றிய மூன்று உண்மைகள்

முதலாவது, பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே பிறேக் எண்ணெய்ச் சுற்றே உண்டு. ஓரிடத்தில் ஒழுகினால் முழுப் பிறேக்கும் போய்விடும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுவது நல்லது. அவசரத்துக்கு என்ஜின் எண்ணெயை ஊற்றக்கூடாது. இறப்பர் வளையங்கள் ஊதிப் பழுதாகிவிடும்.

இரண்டாவது, கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. அது கியர்பெட்டிக்குப் பின்னாலுள்ள தண்டைப் பிடிக்கிறது. பின்சில்லு ஒன்றை ஜாக் வைத்து உயர்த்தினால், கைப்பிறேக் இழுத்திருந்தாலும் ஜீப் உருளக்கூடும். ஆகவே மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக் போடவே கூடாது. ஜாக்கை மட்டும் நம்பி எவரும் கீழே படுக்கவும் கூடாது.

மூன்றாவது, வெறும் ஜீப்பில் நன்றாகப் பிடிக்கும் பிறேக், நெல்மூடைகள் ஏற்றியபின் அவ்வாறு பிடிக்காது. நீரோடும் வாய்க்காலைக் கடந்தபின் டிறம் பிறேக்குகள் நனைந்து பிடிப்பை இழக்கும். சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, மிதியை இலேசாக அழுத்திக் காயவைக்கவேண்டும்.

5. வாரம் ஒருமுறை நாமே பார்ப்போம்

இதற்கு இருவரும் அரைமணி நேரமும் போதும்.

அ) பிறேக் மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. இரண்டு மூன்று முறை மிதித்த பின்தான் உயர்கிறதென்றால் சரிசெய்ய வேண்டும். குழாய்க்குள் காற்றும் இருக்கலாம். சில்லுகளின் உட்பக்கத்தில் ஈரக் கசிவு உண்டா என்றும் பாருங்கள்.

ஆ) ஒருவர் ஸ்ரியறிங்கை இருபுறமும் சிறிது ஆட்ட, மற்றவர் குனிந்து முன்சில்லுகளைப் பார்க்கட்டும். ஸ்ரியறிங் ஆடியும் சில்லு அசையாவிட்டால் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றன.

இ) ஸ்பிறிங் தகடுகளில் வெடிப்பு உண்டா, அவற்றைப் பூட்டிய ஆணிகள் தளர்ந்தனவா என்று பாருங்கள்.

ஈ) ரயரின் பூ மட்டுமல்ல, வயதும் முக்கியம். 2000ஆம் ஆண்டின் பின் செய்த ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ ஆழமாக இருந்தாலும் பக்கம் வெடித்த ரயர் ஆபத்தானது.

உ) பின்விளக்கையும் பிறேக் விளக்கையும் துடைத்து, எரிகின்றனவா என்று பாருங்கள்.

கண்டவற்றைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அடுத்த சாரதிக்கும் கராஜ்காரருக்கும் அது உதவும்.

6. வாங்குமுன்

இடப்பெயர்வினால் வருடக்கணக்கில் மரத்தின்கீழ் நின்ற வாகனங்கள் பல. நின்ற வாகனத்தில் பிறேக் சிலிண்டர்கள் இறுகிவிடும். எலி வயர்களைக் கடித்திருக்கும். “அதிகம் ஓடாதது” என்பது எப்போதும் நற்செய்தியல்ல. விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிச்செல்லுங்கள். செசி இலக்கம் பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். சுமையுடன் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். வாங்கும் பணம் முழுவதையும் வாகனத்துக்கே கொடுத்துவிடாமல் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கு ஒதுக்கி வையுங்கள்.

சான்றிதழ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சட்டப்படி வேண்டியதை எடுத்தே ஆகவேண்டும். ஆனால் அது வருடத்தில் ஒருநாள் பார்த்தது. மிகுதி முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களும் அந்த ஜீப்பில் ஏறுபவர்கள் நமது பிள்ளைகளும் தாய்மாரும். அந்த நாட்களுக்குரிய பரிசோதகர்கள் நாமே.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் கிராமத்தில் பொதுவாகப் பயன்படும் வாகனத்தை அல்லது உழவு இயந்திரப் பெட்டியைக் கடைசியாகக் கீழிருந்து பார்த்தவர் யார்? எப்போது?

2. “இன்றைக்கு இந்த வாகனம் ஓடக்கூடாது” என்று சொல்லும் உரிமையை உங்கள் சங்கம் யாரிடம் கொடுத்திருக்கிறது?

3. திருத்த வேலைக்கென ஒவ்வொரு பயணத்திலும் எவ்வளவு சேர்க்கலாம்?