ஊரின் பதிவேட்டில் ஒரு பெயர்

(குடிபெயர்ந்தோரின் மனித உரிமைகளும் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பும்: ஒரு பாடம்)



மருத்துவமனையில் சீட்டு எழுதும் இடத்தில் முதலில் கேட்கப்படுவது பெயர், அடுத்தது விலாசம். நோயைப் பற்றிய கேள்வி அதற்குப் பின்புதான். சொந்த ஊரில் வாழும் நமக்கு இக்கேள்விகள் பாரமாயிருப்பதில்லை. ஆனால் பிழைப்பைத் தேடியோ உயிருக்குப் பயந்தோ வேற்றிடம் வந்தவருக்கு, "உங்கள் விலாசம் என்ன?" என்பதே பதில் சொல்ல இயலாத கேள்வியாகிவிடுகிறது. அந்த விலாசத்தைக் கொடுப்பது யார்? இதனை அறிய இத்தாலி நாட்டின் பலெர்மோ நகரத்தைப் பற்றிச் சற்று சிந்திப்போம்.

1. நகரமும் அதன் மக்களும்

பலெர்மோ, சிசிலித் தீவின் தலைநகரம். அரபியரும் நார்மானியரும் ஆண்ட பழைய துறைமுகம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிசிலி மக்கள் லட்சக்கணக்கில் வறுமையினிமித்தம் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பின்னர் காலம் மாறிற்று. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் மக்கள் அத்தீவைத் தேடி வந்தார்கள். இலங்கையின் உள்நாட்டுப் போருக்குத் தப்பிய நம் தமிழ் மக்களும் 1980-களிலிருந்து பலெர்மோவில் குடியேறினார்கள். நகரின் அருகே பெல்லெக்ரீனோ மலையிலுள்ள புனித ரொசாலியா ஆலயத்துக்குத் தமிழ்க் கத்தோலிக்கரோடு தமிழ் இந்துக்களும் ஏறிச் செல்வது அங்கே வழக்கமாயிருக்கிறது.

2013 அக்டோபர் 3-ஆம் நாள் லாம்பெதூசா தீவருகே அகதிகளின் படகு ஒன்று தீப்பிடித்துக் கவிழ்ந்து, 360-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டில் பலெர்மோ நகராட்சி, அயல்நாட்டுக் குடிகள் தாங்களே வாக்களித்துத் தெரிந்தெடுக்கும் ஆலோசனை மன்றம் ஒன்றை ஏற்படுத்தியது. 2015-இல் மேயர் லியோலூக்கா ஓர்லாந்தோவின் தலைமையில் "பலெர்மோ சாசனம்" வெளியாயிற்று. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வது மனிதனின் உரிமை என்பது அதன் மையக் கருத்து.

2. நகராட்சியின் கையில் உள்ளது எது?

எல்லையைக் காப்பதும், புகலிடம் அளிப்பதும் மறுப்பதும் தேசிய அரசின் அதிகாரம். எந்த மேயரும் அதில் கைவைக்க இயலாது. ஆனால் இத்தாலியில் குடியிருப்போர் பதிவேடு நகராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. அதில் பெயர் ஏறினால் அடையாள அட்டை கிடைக்கும். குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்கவும், வங்கிக் கணக்கு திறக்கவும், வேலையில் சேரவும் அந்தப் பதிவு பெரிதும் உதவும். 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 6-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் ஆளாக ஏற்கப்படும் உரிமை எல்லா இடத்திலும் எல்லாருக்கும் உண்டு என்கிறது. அவ்வுரிமை அன்றாட வாழ்வில் உருப்பெறுவது, பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறிய அலுவலகங்களில்தான்.

3. சோதனை வந்தபோது

2018 அக்டோபரில் உள்துறை அமைச்சர் மத்தேயோ சல்வீனி கொண்டுவந்த அவசரச் சட்டம், புகலிடம் கேட்டு விண்ணப்பித்தவர்களின் தற்காலிக அனுமதிச் சீட்டை வைத்து அவர்களைப் பதிவேட்டில் சேர்க்கலாகாது என்றது. விண்ணப்பம் முடிவாகாதவரின் நிலை நிலையற்றது. நகராட்சிகளின் சுமையைக் குறைக்கவேண்டும் என்பது அரசின் வாதம். சேவைகள் நிறுத்தப்படமாட்டா என்றும் அச்சட்டம் கூறியது. ஆயினும் பதிவு இல்லாதவர்களை அலுவலகங்கள் பல திருப்பியனுப்பின.

ஓர்லாந்தோ, அவ்விதியை நிறைவேற்றுவதை நிறுத்திவைக்கும்படி தம் அலுவலருக்கு எழுத்து மூலம் அறிவுறுத்தினார். நேப்பிள்ஸ், பிளாரன்ஸ் முதலிய நகரங்களின் மேயர்களும் எதிர்க்குரல் எழுப்பினர். "சட்டத்தை மீறுகிறீர்கள்" என்ற கண்டனமும் எழுந்தது. இதற்கிடையில், பதிவு மறுக்கப்பட்டவர்களே நீதிமன்றம் சென்றார்கள். மிலான், அங்கோனா, சலேர்னோ நீதிமன்றங்கள் அவ்விஷயத்தை அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பின.

2020 ஜூலையில் அந்நீதிமன்றம் அவ்விதியை ரத்து செய்தது. காரணங்கள் இரண்டு. முதலாவது, பாதுகாப்புக்கென்று வந்த சட்டம் அப்பாதுகாப்பையே கெடுத்தது. யார் எங்கே வசிக்கிறார் என்று தெரியாவிட்டால் அதிகாரிகள் எதைக் கண்காணிப்பார்கள்? இரண்டாவது, தக்க காரணமின்றி ஒரு சாராரை வேறுபடுத்தி, அவர்களுக்குரிய சமமான சமூக மாண்பை மறுத்தது.

4. நாம் கற்றுக்கொள்பவை

(அ) நகராட்சியின் அதிகாரம் சிறியதே. ஆனால் பதிவேடு, பள்ளி, தண்ணீர், சுகாதாரம் ஆகியவை அச்சிறிய வட்டத்துக்குள் அடங்கும்.

(ஆ) மேயரின் துணிவு கவனத்தை ஈர்த்தது. தீர்ப்பைப் பெற்றுத் தந்ததோ பாதிக்கப்பட்டவர்களின் வழக்கு. அதற்குள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கடந்தன. காத்திருந்தோருக்கு அவ்விரண்டு ஆண்டுகள் திரும்பக் கிடைக்கவில்லை.

(இ) மேயர் மாறுவார். ஓர்லாந்தோவின் பதவிக்காலம் 2022-இல் முடிந்தது. ஆகவே நல்ல மனம் மட்டும் போதாது. அது விதியாகவும் எழுதப்படவேண்டும்.

(ஈ) மருத்துவத்தில் அப்படி எழுதப்பட்ட விதி ஒன்றும் இத்தாலியில் உண்டு. 1998-ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆவணமில்லாதவரும் அவசர, அத்தியாவசிய சிகிச்சை பெறலாம். சிகிச்சைக்கு வந்தார் என்பதற்காக அவரைக் காட்டிக்கொடுக்கலாகாது. பயமின்றி வருகிறவரே நோய் முற்றுமுன் வருவார்.

சிந்திக்க:

1. உங்கள் ஊரில் கட்டிட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்திருப்பவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

2. அவர்கள் பிள்ளைகளின் தடுப்பூசிக்கும் படிப்புக்கும் உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சி என்ன செய்கிறது? வார்டு உறுப்பினரிடம் கேட்டதுண்டா?

3. அவர்களில் ஒருவருக்கு இன்றிரவு நோய் கண்டால், துணையாக யார் மருத்துவமனைக்குச் செல்வார்?