நிறம் போனால் உப்பும் போகுமா?

கேள்வி: லண்டன் கிரீன்ஃபோர்டில் வசிக்கிறேன். திருப்பூரில் என் அண்ணன் சாயப்பட்டறை நடத்துகிறார். காளான் நொதியை ஊற்றினால் சாயக்கழிவு சுத்தமாகிவிடும் என்று இங்கே படிக்கும் ஒரு மாணவர் சொன்னார். அண்ணனிடம் சொல்லட்டுமா?

பதில்: சொல்லுங்கள். ஆனால் பாதியோடு நிறுத்திவிடாதீர்கள்.

சாயத்தின் கதையில் உங்கள் ஊருக்கே பங்கு உண்டு. 1856இல் கிழக்கு லண்டனில், வீட்டு ஆய்வறையில் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த வில்லியம் பெர்க்கினுக்கு அப்போது வயது 18. மறு ஆண்டே கிரீன்ஃபோர்டு கால்வாய்க் கரையில் ஆலை எழுப்பினார். செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்துதான் கிளம்பியது.

இனி அந்தக் காளானுக்கு வருவோம். லண்டன் பூங்காக்களில் பட்டுப்போன மரக்கட்டையில் வரிவரியாக, விசிறி போல ஒட்டியிருக்கும் காளானைப் பார்த்திருப்பீர்கள். பெயர் டிராமெட்டீஸ் வெர்சிகலர். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைக்க அது சுரக்கும் நொதிகளில் ஒன்று லாக்கேஸ். சாயத்திடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனுக்குக் கொடுக்கும். ஆக்சிஜன் தண்ணீராகும், சாயம் வெளுக்கும். காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா அசோ சாயத்தை உடைத்தாலும் நிறம் போகும். ஆனால் அரோமாட்டிக் அமீன்கள் மிஞ்சும். அவற்றில் சில புற்றுநோய் தருபவை. லாக்கேஸ் உடைக்கும் வழி வேறு என்பதால்தான் எனக்கு அதன்மேல் நம்பிக்கை.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தாரும் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவரும் இணைந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாக்டீரியாவால் மின்சாரம் எடுக்கும் நுண்ணுயிர் மின்கலத்தில் லாக்கேஸை வைத்து, 'ஆசிட் ஆரஞ்சு 7' சாயத்தை வெளுக்கச் செய்தார்கள். கலத்தில் காரம் ஏறுவதைத் தடுப்பதே அவர்களுக்குப் பெரிய வேலை.

திருப்பூரில் சிக்கலும் அந்தக் காரம்தான். லாக்கேஸுக்கு அமிலத்தன்மை பிடிக்கும். சலவைச் சோடாவும் உப்பும் போட்டு ரியாக்டிவ் சாயம் ஏற்றிய தண்ணீரோ காரம். அதிலுள்ள குளோரைடும் நொதியை முடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, லாக்கேஸ் உப்பைத் தொடவே தொடாது. நொய்யல் பாசன நிலங்களைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரும் பங்கு. ஒரத்துப்பாளையம் அணை நீரை வயலுக்குப் பாய்ச்ச முடியாமல் விவசாயிகள் வழக்காடினார்கள். 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. உப்பு இருந்தால் தெளிந்த தண்ணீரும் பயிரைக் கருக்கும்.

யாராவது நொதி விற்க வந்தால், அண்ணனின் பட்டறைத் தண்ணீரிலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். வெளுத்த பிறகு அமீன் மிஞ்சுகிறதா, டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பின் அளவு) எவ்வளவு என்று எழுதி வாங்கட்டும். நொதி வேலை செய்தாலும், உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வுக்கு முந்தைய கட்டத்தில்தான் அதற்கு இடம், ஆர்.ஓ.வை அவர் நிறுத்தவே கூடாது.